கதவு சனிக்கிழமைதான் திறக்கும்

சீரியல் கதாநாயகி கதவுத் தாழ்ப்பாளில் கை வைத்திருப்பாள். அவள் முகத்தை மூன்று கோணத்தில் காட்டுவார்கள், மூன்று தடவை இடி இடிக்கும். முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருக்கும் என் அத்தை தலையைக்கூட நிமிர்த்த மாட்டார். "இவ இன்னிக்குத் திறக்க மாட்டா. சனிக்கிழமைதான் திறப்பா. திங்கக்கிழமை பார்த்தா வெளிய பால்காரன் நிப்பான்." பெரும்பாலும் அப்படித்தான் நடக்கும். இவரைத்தான் நம் படித்த கூட்டம், எதைப் போட்டாலும் வாயைப் பிளந்து பார்க்கிற ஜென்மம் என்கிறது.

2022இல் சன் டிவியில் தொடங்கிய 'எதிர்நீச்சல்' தொடரில் ஆதி குணசேகரனாக வந்தவர் மாரிமுத்து. 'கண்ணும் கண்ணும்', 'புலிவால்' படங்களை இயக்கியவர். படித்துவிட்டு வந்த மருமகள்களை அடுப்படியோடு கட்டிப்போடும் அந்த ஆளை எங்கள் வீட்டுப் பெண்கள் வில்லனாக மட்டும் பார்க்கவில்லை. "அச்சு அசல் நம்ம பெரிய மச்சான்" என்று, அந்தப் பெரிய மச்சான் திண்ணையில் இருக்கும்போதே சிரித்தார்கள். 2023 செப்டம்பரில் மாரிமுத்து இறந்துபோக, வேல ராமமூர்த்தி அந்த வேடத்துக்கு வந்தார். அன்று அத்தை சொன்னது: "இவரு முறைக்கிறாரு, சரி. ஆனா நமக்கு வயிறெரிஞ்சது முறைப்புனாலயா? அந்த நக்கலாலதான்." இதையே பத்திரிகையில் ஒருவர் எழுதினால் விமர்சனம் என்போம். கீரைக்கட்டோடு சொன்னால் பொழுதுபோகாத பேச்சு.

'அப்படியானால் டி.ஆர்.பி. ஏன் ஏறுகிறது?' என்பார்கள். கணக்கெடுப்புக்கென்று தேர்ந்தெடுத்த வீடுகளில் ஒரு மீட்டர் வைத்து, எந்தச் சேனல் ஓடுகிறது, யார் பார்க்கிறார்கள் என்று எடுக்கும் கணக்கு அது. திரையைப் பார்த்து 'ச்சீ, இதெல்லாம் ஒரு கதையா' என்று சொன்னது அதில் ஏறாது. பார்ப்பதையே பாராட்டு என்று எடுத்துக்கொண்டு கதையை இழுப்பது தயாரிப்பாளர்களின் வசதி. பாலில் விஷம், காணாமல் போகும் கடிதம், இரண்டாவது தாலி எல்லாம் அபத்தம்தான். ஆனால் அவற்றை எழுதியது அத்தை இல்லையே!

சீரியலால்தான் குடும்பம் கெடுகிறது என்பது இன்னொரு புலம்பல். 'சித்தி' தொடர் ஒளிபரப்பாகத் தொடங்கியது 1999இல். அதற்கு முந்தைய மாமியார் மருமகள் சண்டைகளுக்கெல்லாம் யார் திரைக்கதை எழுதினார்கள்?

விடிய விடிய எட்டு எபிசோடு கொரியத் தொடர் பார்த்துவிட்டு, கண் சிவக்க அலுவலகம் போகிறவருக்கு அது ரசனை. முதல் நாள் முதல் காட்சிக்கு விசிலடிப்பவர் ரசிகர். இரவுச் சாப்பாட்டுக்கு முன் அரைமணி நேரம் உட்காருகிற பெண் மட்டும் அடிமையாம்.

ஒன்பதரைக்கு அத்தை திண்டுக்கல்லில் இருக்கும் தங்கைக்குப் போன் போடுவார். நலம் விசாரிப்பெல்லாம் பிறகுதான்.

"பார்த்தியாடி? அந்த லெட்டரு அவன் கைக்கு எப்படி வந்துச்சு? அதைக் காட்டவே இல்லையே!"