வீட்டுக்கு முன்னே பேட்டையைப் பாருங்கள்

மே மாதம் பிறந்துவிட்டால் எங்கள் அனந்தபுரத்திலிருந்து ஒன்றிரண்டு குடும்பமாவது பட்டணத்துக்கு மூட்டை கட்டும். செஞ்சிப் பக்கத்துப் பிள்ளைகள் பலருக்குப் படித்து முடித்ததும் வேலை சென்னையில்தான். முதலில் பையன் மட்டும் போய் மேன்ஷனில் தங்குவான். பிறகு கல்யாணம், குழந்தை. குழந்தையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கிற வயசு வந்ததும், "எத்தனை நாளைக்கு நீ அங்கேயும் நான் இங்கேயும் இருக்கிறது?" என்ற கேள்வி கிளம்பும். ஜூனில் பள்ளிக்கூடம் திறப்பதற்குள் ஜாகை பார்த்தாக வேண்டும்.

போன வாரம் எங்கள் தெருப் பெண் ஒருத்தி, இடுப்பில் கைக்குழந்தையும் கையில் நாலு வயசுப் பிள்ளையுமாக வந்து உட்கார்ந்தாள். "பெரியம்மா, அவரு மூணு வீடு பார்த்து போட்டோ அனுப்பியிருக்காரு. எது நல்லாயிருக்குன்னு நீங்களே சொல்லுங்க" என்று செல்போனை நீட்டினாள். டைல்ஸ் தரை, பளபளவென்று சமையலறை, சின்னதாக ஒரு பால்கனி. எல்லாம் அழகாகத்தான் இருந்தன. "வீடு சரிம்மா, தெரு எங்கே?" என்று கேட்டேன். தெருவை யாருமே படம் எடுக்கவில்லை!

பட்டணத்தில் பல வருஷம் குடித்தனம் செய்தவள் என்ற முறையில் அவளுக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன். வீட்டில் குறை இருந்தால் சமாளித்துக்கொள்ளலாம். அலமாரி இல்லையென்றால் ஒரு ஸ்டாண்டு வாங்கிப் போடலாம். சுவர் அழுக்கென்றால் சுண்ணாம்பு அடிக்கலாம். தெருவை நம்மால் ஒன்றும் செய்ய முடியாது. அதோடு இன்னொன்றையும் யோசியுங்கள். வீட்டுக்காரர் காலையில் எட்டு மணிக்குப் போனால் ராத்திரிதான் திரும்புவார். அந்தப் பேட்டையில் பகல் முழுக்க இருக்கப்போவது நீங்களும் குழந்தைகளும். ஆகவே, "ஆபீசுக்குப் பக்கம்" என்ற ஒரே காரணத்துக்காக இடத்தை முடிவு செய்துவிடக் கூடாது. அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் நீங்களே ஒரு நடை போய்ப் பார்த்துவிட வேண்டும்.

மழைத் தண்ணீர் எங்கே போகும்?

நாம் செஞ்சிச் சீமைக்காரர்கள். ஏரி, மதகு, கலங்கல் எல்லாம் நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஏரிக்குள் வீடு கட்டினால் நம் ஊரில் சிரிப்பார்கள். சென்னையிலோ பல ஏரிகள் நகர்களாகிவிட்டன. தியாகராய நகரே 1920களில் மாம்பலம் ஏரியைத் தூர்த்து உருவாக்கிய இடம்தான். மேற்கு மாம்பலத்தில் 'லேக் வியூ ரோடு' இன்றும் இருக்கிறது, ஏரிதான் இல்லை! பழவந்தாங்கல் என்று ஒரு ரயில் நிலையம் உண்டு. தாங்கல் என்றால் சின்ன ஏரி என்று உங்களுக்கே தெரியும். ஊர்ப் பெயரைக் காதால் கேட்டாலே பாதி விஷயம் விளங்கிவிடும்.

2015 டிசம்பர் முதல் தேதி பெய்த பேய்மழையை மறக்க முடியாது. செம்பரம்பாக்கம் ஏரியில் திறந்துவிட்ட உபரி நீரும், வழியில் சேர்ந்த வெள்ளமும் அடையாற்றில் புரண்டு வந்தன. முடிச்சூர், வரதராஜபுரம், சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் என்று கரையோரப் பேட்டைகளில் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது வேளச்சேரியும் பள்ளிக்கரணையும் மிதந்தன. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் தென்சென்னையின் மழைநீர் வந்து சேருகிற பள்ளம். பள்ளத்தைச் சுற்றிக் குடியேறினால் தண்ணீர் நம்மைத் தேடி வரத்தானே செய்யும்?

இந்தப் பேட்டைகளில் வீடே பார்க்காதீர்கள் என்று சொல்லவில்லை. ஒரே பேட்டையில் ஒரு தெரு மேடாகவும் அடுத்த தெரு பள்ளமாகவும் இருக்கும். சுவர்களில் இடுப்பளவு, முழங்காலளவு கறைக்கோடு தெரிகிறதா என்று பாருங்கள். புதிதாகக் கட்டிய வீடுகளெல்லாம் வாசலை நாலு படி உயர்த்திக் கட்டியிருந்தால், அதற்கு ஒரு காரணம் இருக்கும். புரோக்கரைக் கேட்காதீர்கள். இஸ்திரி வண்டிக்காரர், பூக்காரம்மா, மளிகைக்கடைக்காரர், இவர்களைக் கேளுங்கள். அதையும், "தண்ணி வருமா?" என்று கேட்டால், "அதெல்லாம் வராதும்மா" என்று சொல்லிவிடுவார்கள். "2015ல தண்ணி எதுவரைக்கும் வந்துச்சு?" என்று கேட்டால் உண்மை தானாக வரும்.

குடிதண்ணீர் எப்படி வரும்?

செஞ்சிக் கோட்டையைச் சுற்றிப் பார்த்திருப்பீர்கள். 2025 ஜூலையில் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலிலும் அது இடம் பிடித்தது. மலையும் மதிலும் மட்டுமா அங்கே இருக்கின்றன? செட்டிகுளம், சக்கரைக்குளம் என்று தண்ணீருக்கும் வழி செய்திருக்கிறார்கள். ராஜாவானாலும் தண்ணீர் இல்லாமல் குடியிருக்க முடியாது!

2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகள் வறண்டு போனபோது, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் சென்னைக்குத் தண்ணீர் கொண்டுவந்தார்கள். முதல் ரயில் ஜூலை 12ஆம் தேதி வில்லிவாக்கத்துக்கு வந்தது. அன்றைக்கு லாரிக்குப் பின்னால் குடத்துடன் ஓடினவர்கள் பெரும்பாலும் பெண்கள்தான். ஆகவே இந்தக் கேள்விகளைக் கூச்சப்படாமல் கேளுங்கள்.

மெட்ரோ வாட்டர் வருகிறதா? எந்த நேரத்தில் வருகிறது? குழாய் வீட்டுக்குள்ளா, கீழே அடிபம்பா? மூன்றாவது மாடியில் குடியிருந்துகொண்டு விடியற்காலை ஐந்து மணிக்குக் கைக்குழந்தையைத் தனியே விட்டுவிட்டு யார் குடம் தூக்குவது? போர் தண்ணீர் என்றால் கோடையில் வற்றுமா? உப்பா? குழாயின் வாயிலும் குளியலறைத் தரையிலும் வெள்ளைப் படலம் படிந்திருந்தால் தண்ணீர் கடினம் என்று அர்த்தம். துணிக்குச் சோப்பு நுரைக்காது, துவரம்பருப்பும் லேசில் வேகாது. ஒரு டம்ளரில் பிடித்து வாயில் வைத்தே பார்த்துவிடுங்கள்.

வெயிலும் காற்றும்

வீட்டைப் பகலில் பாருங்கள். விளக்கைப் போடச் சொல்லாதீர்கள். மத்தியானத்திலும் விளக்குப் போட்டால்தான் சமையலறை தெரியும் என்றால் அந்த வீடு வேண்டாம். உள்ளே நுழைந்ததும் ஈர வாடை அடித்தாலோ, அலமாரிக்குள் பூசணம் பூத்திருந்தாலோ யோசியுங்கள். சளி, இளைப்பு உள்ள குழந்தைக்கு ஈரச் சுவர் ஆகாது.

தெருவில் சாக்கடை மட்டும்தான் கொசுவுக்குக் காரணம் என்று நினைக்காதீர்கள். டெங்கு பரப்புகிற கொசு நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும். கடிப்பதும் பெரும்பாலும் பகலில்தான். மூடாத தொட்டி, மாடியில் கிடக்கிற உடைந்த வாளி, பக்கத்தில் பாதியில் நின்றுபோன கட்டடம் இவற்றைக் கவனியுங்கள். பகலில் தூளியில் தூங்குகிற குழந்தையைத்தான் அது முதலில் தேடி வரும்.

நடக்கிற தூரத்தில் என்ன இருக்கிறது?

ஊரில் நாம் பத்து வீட்டைத் தாண்டினால் எல்லாம் கிடைத்துவிடும். பட்டணத்தில் அப்படியில்லை. வீட்டு வாசலில் நின்று ஒரு கணக்குப் போடுங்கள். ஒரு கையில் குழந்தை, இன்னொரு கையில் பை. இந்த நிலையில் கால் மணி நேரத்தில் எங்கெல்லாம் போய் வரலாம்?

முதலில் மருத்துவ வசதி. பிறந்த குழந்தைக்கு 6, 10, 14ஆவது வாரங்களில் தடுப்பூசி உண்டு. மாநகராட்சியின் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகவே போடுவார்கள். அது எங்கே என்று விசாரியுங்கள். ராத்திரியில் திறந்திருக்கிற மருந்துக்கடை எது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். 108 ஆம்புலன்ஸ் நுழைகிற அளவுக்குத் தெரு அகலமா என்றும் பாருங்கள்.

அடுத்தது அங்கன்வாடியும் பள்ளிக்கூடமும். 2009ஆம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டப்படி தனியார் பள்ளிகளில் நுழைவு வகுப்பில் நாலில் ஒரு பங்கு இடம் நலிந்த பிரிவுப் பிள்ளைகளுக்கு உண்டு. சேர்க்கும்போது, அக்கம்பக்கத்தில், அதாவது ஒரு கிலோமீட்டருக்குள், குடியிருக்கிறவர்களுக்குத்தான் முன்னுரிமை. எந்தத் தெருவில் வீடு என்பது பிள்ளையின் படிப்பையே தீர்மானிக்கக் கூடும்.

பள்ளிக்கூடம் பக்கத்தில் இருந்தும், நடுவில் நாலு லாரி ஓடுகிற பெரிய சாலையைக் கடக்க வேண்டியிருந்தால் அது பக்கமல்ல. சாலையைப் பிள்ளையோடு ஒரு தடவை கடந்து பார்த்துவிட்டுப் பிறகு முடிவு செய்யுங்கள்.

வாடகை மட்டும் வாடகை அல்ல

"அந்தப் பக்கம் போனால் இரண்டாயிரம் குறையும்" என்பார்கள். ஒரு பேச்சுக்குக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். தூரத்தில் ஒரு வீடு, வாடகை ஒன்பதாயிரம். கணவரின் போக்குவரத்துக்கு ஆயிரத்து இருநூறு, பள்ளி வேனுக்கு ஆயிரத்து ஐந்நூறு, கேன் தண்ணீருக்கு எழுநூறு. ஆக மொத்தம் பன்னிரண்டாயிரத்து நானூறு. பக்கத்து வீட்டுக்குப் பதினோராயிரம். பிள்ளை நடந்தே பள்ளிக்குப் போகும். எது மலிவு? உங்கள் ஊர் நிலவரப்படி தொகைகள் மாறும். ஆனால் கணக்கை இப்படித்தான் போட வேண்டும்.

பஸ் நிறுத்தம் அருகில் இருப்பது பெண்களுக்குத் தனி லாபம். சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்ற திட்டம் 2021 மே மாதம் வந்தது. தாம்பரம் பக்கம் மின்சார ரயில் நிலையத்துக்கு நடந்து போகிற தூரத்தில் வீடு கிடைத்தால் விட்டுவிடாதீர்கள்.

கரண்ட்டுக்குத் தனி மீட்டர் உண்டா என்று கேளுங்கள். வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு நூறு யூனிட் இலவசம் என்பது 2016 முதல் இருக்கிறது. தனி மீட்டர் இல்லாமல், "யூனிட்டுக்கு இவ்வளவு" என்று வீட்டுச் சொந்தக்காரர் வசூலித்தால் அந்தச் சலுகை உங்கள் கைக்கு வராது.

அம்மா வீட்டுக்கு வழி

இதை ஆண்கள் கணக்கில் எடுத்துக்கொள்வதே இல்லை. குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் ஊரிலிருந்து ஓடி வரப்போவது உங்கள் அம்மாவோ மாமியாரோதான். 2023 டிசம்பர் 30ஆம் தேதி கிளாம்பாக்கத்தில் புதிய பஸ் நிலையம் திறந்த பிறகு, நம் பக்கத்து பஸ்கள் அங்கே வந்து நிற்கின்றன. பெருங்களத்தூர், வண்டலூர், ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி என்றால் திண்டிவனம் வழியாக வருகிறவர்கள் இறங்கிச் சீக்கிரம் வீடு சேரலாம். வடசென்னையிலோ அம்பத்தூரிலோ வீடு என்றால், பையைத் தூக்கிக்கொண்டு ஊரையே குறுக்காகக் கடக்க வேண்டும். ஆபீஸ் அந்தப் பக்கமென்றால் வேறு வழியில்லை. அப்படியானால் அக்கம்பக்கத்து மனிதர்களைத்தான் இன்னும் நன்றாகப் பார்க்க வேண்டும்.

பேச்சும் பத்திரமும்

"நீங்க என்ன ஆளுங்க? கவுச்சி சமைப்பீங்களா?" என்று கேட்கிற வீட்டுச் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள். மனசு சுருங்கத்தான் செய்யும். மறைத்துக் குடிபோய், மீன் வாங்கின நாளெல்லாம் ஜன்னலைச் சாத்திக்கொண்டு பயந்து சமைப்பதைவிட, "நாங்க சமைப்போங்க" என்று நிமிர்ந்து சொல்லிவிட்டு அடுத்த வீட்டைப் பார்ப்பது கௌரவம். யார் யார் வந்து தங்கலாம், மாடியில் வடகம் காய வைக்கலாமா, ராத்திரி கேட்டை எத்தனை மணிக்குப் பூட்டுவார்கள் என்பதையும் முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

சென்னையில் பத்து மாத வாடகையை அட்வான்சாகக் கேட்கிற வழக்கம் உண்டு. 2017இல் இயற்றி 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம், ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதாத வரை மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கூடாது என்கிறது. "வேறுவிதமாக எழுதாத வரை" என்பதைக் கவனியுங்கள். கையெழுத்துப் போடுமுன் பத்திரத்தை ஒரு வரி விடாமல் படியுங்கள். ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், அதைப் பதிவும் செய்ய வேண்டும். வாடகைக்கு ரசீது கேட்டு வாங்குங்கள். சண்டை வந்தால் தண்ணீரையும் கரண்ட்டையும் நிறுத்த வீட்டுச் சொந்தக்காரருக்கு உரிமை கிடையாது.

கடைசியாக ஒன்று. வீட்டை ஒரு தடவை பார்த்தால் போதும், பேட்டையை இரண்டு தடவை பாருங்கள். காலையில் தண்ணீர் வருகிற நேரத்தில் ஒன்று, இரவு எட்டு மணிக்கு ஒன்று. தெருவிளக்கு எரிகிறதா, கடையில் பெண்கள் நிற்கிறார்களா, வாசற்படியில் யாராவது உட்கார்ந்து பேசுகிறார்களா என்று கவனியுங்கள். முடிந்தால் ஐப்பசி, கார்த்திகை மழையில் பார்ப்பது உத்தமம். ஆடியிலும் மார்கழியிலும் யாரும் பால் காய்ச்ச மாட்டார்கள் என்பதால் காலியாக நிற்கிற வீட்டுக்குப் பேரம் பேசவும் இடமிருக்கும். குடிபோன முதல் வாரத்திலேயே அக்கம்பக்கத்தில் மூன்று வீட்டுப் பெண்களோடு பேசிப் பழகிவிடுங்கள். அவசரத்துக்குக் குழந்தையை ஐந்து நிமிஷம் நம்பிக் கொடுக்க ஒரு கை கிடைத்துவிட்டால், அதுவே நல்ல பேட்டை.