சடை நாயைத் தோட்டத்துக்கு அனுப்பாதீங்க



வருசத்துக்கு ரெண்டு மூணு போனாவது எனக்கு இப்படி வருது. "அண்ணா, உங்களுக்குத்தான் தோட்டம் இருக்குதே, எங்க ஷிட்சு நாயைக் கொண்டாந்து விட்டுடட்டுமா? அபார்ட்மென்ட்ல அடைஞ்சு கெடக்கறதுக்கு அங்க ஓடியாடி சந்தோசமா இருக்கும்." கேக்கறவங்க எல்லாம் சொந்தக்காரங்கதான். கெட்ட எண்ணத்துல கேக்கறதில்லை. ஆனா என் பதில் ஒண்ணுதான்: வேண்டாமுங்க. அந்த நாய்க்கு எடம் பெருசா தேவையில்லை. தினமும் அதும் மேல ஒரு கை படணும். அதுக்கு உங்களால நேரம் ஒதுக்க முடியலைன்னா, என்னோட மூணு ஏக்கர் அதை ஈடுகட்டாது.

சும்மா சொல்லலை. மகள் வேலைக்கு வெளிநாடு போனப்போ அவ வளத்த ஷிட்சு எங்க வீட்டுக்கு வந்துச்சு. நாலு வருசமா நாந்தான் பாத்துக்கறேன்.

இந்த நாய்ங்க எங்கிருந்து வந்ததுன்னு மொதல்ல யோசிக்கணும். லாசா ஆப்சோ திபெத்து நாய். லாசா நகரம் கடல் மட்டத்துக்கு மேல சுமார் 3,650 மீட்டர் உயரத்துல இருக்குது. ஷிட்சுவோட மூலமும் திபெத்துதான், அப்புறம் சீன அரண்மனையில வளத்தாங்க. குளிருக்கு ஏத்த முடி அது. நம்ம மண்ணு நாய்களைப் பாருங்க. ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை. ஒண்ணுக்காவது சடை இருக்குதா? எல்லாம் ஒட்ட முடி. வெயிலுக்கும் முள்ளுக்கும் அதுதான் தோது.

சடை நாயை வரப்புல ஒரு நடை விட்டுப் பாருங்க. நாயுருவி வெதை வயித்துல ஒட்டிக்கும், ஒட்டுப்புல்லு காதுல ஏறிக்கும், நெருஞ்சி முள்ளு விரலுக்கு நடுவுல குத்திக்கும். ஒட்ட முடி நாயா இருந்தா ஒரு சிலுப்பு சிலுப்பிட்டுப் போயிரும். இது முழுக்கச் சுமந்துக்கிட்டுத்தான் வரும். கட்டுத்தறிப் பக்கம் போனா மாட்டு உண்ணியும் ஏறும். முடிக்குள்ள போன உண்ணி கண்ணுக்குத் தெரியாது, விரலால தடவினாத்தான் தட்டுப்படும். உண்ணியால வர்ற காய்ச்சல் நாயோட உயிரையே எடுத்துரும்.

அதனால சாயங்காலம் பால் கறந்து முடிச்சதும் எனக்கு இன்னொரு வேலை. திண்ணையில உக்காந்து நாயை மடியில போட்டுக்குவேன். பதினஞ்சு நிமிசம். காது மடல், அக்குள், தொடை இடுக்கு, வால் அடி, விரல் இடுக்கு, இந்த அஞ்சு எடத்தையும் விரல்விட்டுத் தடவிருவேன். உண்ணியும் சிக்கும் அங்கதான் சேரும். அப்புறம் ஸ்டீல் சீப்பு. மேலோட்டமா சீவினா அழகாத் தெரியும், ஆனா அடியில சிக்கு அப்படியே கெடக்கும். முடியை வகிடு எடுத்து வேர்லிருந்து சீவணும். சிக்கு வந்தா அடி முடியை விரல்ல புடிச்சுக்கிட்டு, நுனியிலிருந்து கொஞ்சங்கொஞ்சமாப் பிரிக்கணும். அப்பத்தான் தோல் இழுபடாது.

ஷிட்சு முடி நம்ம தலைமுடி மாதிரி வளந்துக்கிட்டே இருக்கும். உதிர்ற முடியும் கீழ விழாம உள்ளுக்குள்ளயே மாட்டிக்கும். நாலஞ்சு நாள் விட்டாப் போதும், கம்பளி மாதிரி இறுகிரும். தோல் இழுத்து நடக்கறப்பவெல்லாம் வலிக்கும், அடியில ஈரம் தங்கிப் புண்ணாகும். பாவம், அது வாய்விட்டுச் சொல்லாது. நம்ம கைதான் கண்டுபுடிக்கணும்.

குளிப்பாட்டறதுக்கு முன்னாடியே சீவிருங்க. சிக்கோட தண்ணி ஊத்தினா இன்னும் இறுகும். நம்ம ஷாம்பு வேண்டாம், நாய்க்குன்னே இருக்கறதை வாங்குங்க. குளிச்சு முடிச்சா வேர் வரைக்கும் காயணும். கண்ணோரம் தினமும் ஈரத்துணியால தொடைச்சு விடணும். ஆசனவாயைச் சுத்தி முடியைக் குட்டையா வெட்டி வெச்சுக்கணும், இல்லைன்னா பீ ஒட்டி ஈ மொய்க்கும். எழுதக் கூச்சமாத்தான் இருக்குது, ஆனா இதையெல்லாம் செய்யறவங்கதான் நாய் வளக்கறவங்க.

"மாசம் ஒருக்கா பார்லர் கூட்டிட்டுப் போறோமே"ன்னு நீங்க கேக்கலாம். முடி வெட்டறதுக்கு அது சரி. மிச்சம் இருபத்தொம்பது நாளுக்கு யாரு? நேரமே இல்லைன்னா ஷிட்சு முடியை ஒரு அங்குலத்துக்கு வெட்டி வெச்சுக்கங்க, போட்டோவுக்கு அழகு கொறைஞ்சாலும் நாய்க்குச் சொகம். பொமரேனியன் வகைக்கு ரெண்டு அடுக்கு முடி, அதை ஒட்டச் செரைக்கக் கூடாது. திரும்ப ஒழுங்கா வளராமப் போகலாம்.

வெயிலையும் பாருங்க. நாய் வாயால எளைச்சுத்தான் ஒடம்புச் சூட்டைத் தணிக்கும். ஷிட்சுவுக்கு மூக்கு சப்பை, அதுக்கு அந்த வேலையே செரமம். சித்திரை, வைகாசியில காலையில வெயில் ஏறறதுக்கு முன்னாடி ஒரு நடை, பொழுது எறங்கி ஒரு நடை. நடுப்பகல்ல நெழல்ல ஈரத்தரையில படுக்க விட்டு, பக்கத்துல தண்ணி வெச்சிருவேன்.

ஊருக்குள்ள இருக்கறவங்களுக்கும் ஒண்ணு. மாட்டுக்கு வாங்கின உண்ணி மருந்தை அப்படியே நாய் மேல தெளிக்காதீங்க, சீமெண்ணெய் தடவாதீங்க. இது அஞ்சாறு கிலோ ஜீவன், மேல பட்டதை நக்கியும் போடும். கால்நடை டாக்டர்கிட்ட எடை சொல்லி மருந்து கேளுங்க.

எங்க ஊர்ல என்னைக் கேலி பண்றவங்களும் இருக்காங்க. "நாய்க்குச் சடை பின்னற ஆளு"ம்பாங்க. நான் கேக்கறது இதுதான்: தெனம் மாட்டைத் தடவிக் கொடுக்கறவனுக்குத்தானே மடிவீக்கம் மொதல்ல தெரியுது? தடவாதவன் பால் கொறைஞ்சப்பறம்தானே டாக்டரைத் தேடறான்? நாய்க்கும் அதே கணக்குத்தான்.

குட்டி வாங்கப் போறவங்க வெலையை விசாரிக்கறதுக்கு முன்னாடி வீட்ல ஒரு கேள்வி கேட்டுக்கங்க. தினம் பதினஞ்சு நிமிசம், 10 முதல் 15 வருசம் வரைக்கும், யாரு ஒக்காந்து சீவறது? பேர் சொல்லி ஒருத்தர் கை தூக்கலைன்னா சடை நாய் வேண்டாம். தெருவுல பொறந்த ஒரு நாட்டுக்குட்டியை எடுங்க. அதுக்கும் தடுப்பூசி, சோறு, பாசம் எல்லாம் வேணும், ஆனா முடி வேலை பாதிக்குப் பாதி கொறையும்.

ஏற்கெனவே வீட்ல இருக்குதுன்னா எனக்குப் போன் போட வேண்டாம். இன்னைக்கு ராத்திரி சீரியல் ஓடறப்போ நாயை மடியில தூக்கி வெச்சு, காதுக்குப் பின்னாடி விரலை விட்டுப் பாருங்க. சிக்கு தட்டுப்பட்டா அங்கிருந்தே ஆரம்பிங்க.