அறுந்தால் முடிச்சுப் போடு!

ரமளான் முதல் பிறை இரவில் நம் பள்ளிவாசல்களில் நிற்க இடமிருக்காது. ஷவ்வால் பிறந்து பத்து நாள் கழித்து பஜ்ருக்குப் போய்ப் பாருங்கள். எத்தனை ஸஃப்? ஒன்றோ, ஒன்றரையோ!

தொழுகையில் மட்டுமா இந்த நிலை? கடைக்குப் புதுக் கணக்கு நோட்டு வாங்குகிறோம். முதல் பத்துப் பக்கம் முத்து முத்தான எழுத்து. பதினோராம் பக்கத்திலிருந்து வெறும் வெள்ளைத்தாள். கம்ப்யூட்டர் வகுப்பில் சேர்ந்த தம்பி மூன்றாவது வாரம் வகுப்புப் பக்கமே எட்டிப் பார்ப்பதில்லை. தொடங்குவதில் நாம் யாருக்கும் சளைத்தவர்கள் அல்லர். தொடர்வதில்தான் தோற்கிறோம்!

கேட்டால், "நேரமில்லை பாய்" என்கிறார்கள். சோமனூரில் அது பொய்யான காரணம் அல்ல. ஆர்டர் இருந்தால் தறி இரவும் பகலும் ஓடும். ஆர்டர் இல்லாவிட்டால் மனம் ஓடாது. 'நேரம் கிடைக்கும்போது செய்யலாம்' என்று காத்திருப்பவனுக்கு அந்த நேரம் கிடைக்கப்போவதே இல்லை.

இதனால் என்ன நஷ்டம் என்கிறீர்களா?

கூலி நெசவு செய்யும் விசைத்தறியாளர்களைப் பாருங்கள். 2021 நவம்பரில் சோமனூர் ரகத்துக்கு 23 சதவீதக் கூலி உயர்வு அறிவிக்கப்பட்டது. அது கைக்கு வரவில்லை. 2022 ஜனவரியில் தறிகள் நின்றன. பிப்ரவரியில் 19 சதவீதத்தில் முடிந்தது. 2025லும் மீண்டும் வேலைநிறுத்தம்! இப்படிப் பேச்சுவார்த்தை வரும்போதெல்லாம் மின்கட்டணம் எவ்வளவு, உதிரிப்பாகச் செலவு எவ்வளவு, மீட்டருக்கு என்ன நிற்கிறது என்று ஆதாரத்தோடு சொல்லக்கூடியவர் யார்? அன்றாடம் எழுதி வைத்தவர் மட்டும்தான். காதர்பேட்டையில் பனியன் வாங்கி விற்கும் சிறு வியாபாரிக்கும் இதே கதிதான். லாபமா நஷ்டமா என்று தெரியாமல் ஓடுபவர், கடைசியில் வட்டிக்காரன் வாசலில் போய் நிற்கிறார். தினமும் பத்து நிமிடம் எழுதாத கணக்கு, ஒரு குடும்பத்தின் மானத்தையே விலை பேசிவிடுகிறது!

ராமேஸ்வரத்தில் ஒரு சிறுவன் விடியற்காலை 4 மணிக்கு எழுந்து, குளித்துவிட்டுக் கணக்குப் பாடம் படிக்கப் போனான். குளிக்காமல் வந்தால் ஆசிரியர் சேர்க்க மாட்டார். திரும்பி வந்து ஓதப் போனான். பிறகு வீடு வீடாகச் செய்தித்தாள் போட்டான். உலகப் போர் நடந்த காலம் அது. அந்தச் சிறுவன்தான் பின்னாளில் குடியரசுத் தலைவரான அப்துல் கலாம். அவரைத் தினமும் எழுப்பிவிட்டவர் அவருடைய தாயார் என்பதையும் மறக்க வேண்டாம். தனி ஒருவனின் வைராக்கியம் மட்டும் போதாது. தட்டி எழுப்ப ஓர் ஆள் வேண்டும்!

லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் 96 பேரை வைத்து நடத்திய ஆய்வொன்று 2010ல் வெளிவந்தது. ஒரு செயல் பழக்கமாக ஊறிப்போகச் சராசரியாக 66 நாட்கள் ஆயின. சிலருக்கு 18 நாட்களே போதுமானதாக இருந்தது. சிலருக்கு 254 நாட்கள் வரை ஆகும் என்று கணக்கிட்டார்கள். இடையில் ஒரு நாள் தவறியதால் பெரிய பாதிப்பு ஏதும் இல்லை என்றும் கண்டார்கள்.

இது நம் ஊருக்குப் புதிய செய்தியா? தறியில் ஓர் இழை அறுந்தால் என்ன செய்கிறோம்? பாவையே வெட்டி எறிகிறோமா? தறியை நிறுத்தி, முடிச்சுப் போட்டு, மீண்டும் ஓட்டுகிறோம். ஆனால் நம் வாழ்க்கையில் மட்டும் ஒரு நாள் தவறினால், "எல்லாம் போச்சு" என்று மொத்தத்தையும் விட்டுவிடுகிறோம்!

இளைஞர்களே! வியாபாரச் சகோதரர்களே! பத்து வேண்டாம், ஒன்றை எடுங்கள். பத்து நிமிடக் கணக்கோ, இரண்டு பக்கப் படிப்போ, எதுவானாலும் சரி. அதற்கு ஒரு வேளையைக் குறியுங்கள். பஜ்ருக்குப் பின் என்றோ, கடை ஷட்டரை இறக்குமுன் என்றோ வைத்துக்கொள்ளுங்கள். 'எழுதினாயா?' என்று கேட்க ஒரு நண்பரை நியமியுங்கள். ஒரு நாள் அறுந்தால் மறுநாளே முடிச்சுப் போடுங்கள்.

அடுத்த ஷவ்வாலில் நம் நோட்டின் பதினோராம் பக்கம் வெள்ளையாக இருக்கக் கூடாது. இன்ஷா அல்லாஹ், இருக்காது!