கண்மாயின் சூட்டை யார் அளப்பது?

பங்குனி வெயிலில் கரிசல் காட்டில் செருப்பில்லாமல் நடந்தால் கால் பொசுங்கும். பக்கத்துக் கண்மாயில் கொஞ்சம் தண்ணீர் கிடந்தால் அதில் கால் வைக்க இதமாக இருக்கும். இரண்டின் மீதும் ஒரே வெயில்தானே விழுகிறது? பிறகு ஏன் இந்த வேறுபாடு?

ஒரு கிராம் நீரின் வெப்பநிலையை 1 டிகிரி செல்சியஸ் உயர்த்த 1 கலோரி வெப்பம் வேண்டும். உலர்ந்த மண்ணுக்கு அதில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கே போதும். தவிர, ஒரு கிராம் நீர் ஆவியாகும்போது சுமார் 580 கலோரி வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. கரிசலோ கறுப்பு மண். வெயிலை நன்றாக உறிஞ்சிச் சுடுகிறது. இரவில் நிலைமை தலைகீழ். மண் சீக்கிரம் ஆறிவிடும். நீர் மெல்ல ஆறும். விடியற்காலையில் கண்மாய் நீர்தான் வெதுவெதுப்பாக இருக்கும்.

இந்த வேறுபாட்டை விண்ணிலிருந்தே அளக்கலாம். ஒவ்வொரு பொருளும் தன் வெப்பநிலைக்கு ஏற்ப அகச்சிவப்புக் கதிர்களை வெளியிடுகிறது. 2013இல் ஏவப்பட்ட லாண்ட்சாட் 8, 2021இல் ஏவப்பட்ட லாண்ட்சாட் 9 ஆகிய அமெரிக்கச் செயற்கைக்கோள்கள் சுமார் 705 கிலோமீட்டர் உயரத்திலிருந்து அக்கதிர்களை அளக்கின்றன. அந்தப் படங்களை எவரும் இலவசமாகப் பெறலாம்.

அப்படியானால் நம் ஊரில் வெப்பநிலைமானி எதற்கு? கட்டாயம் வேண்டும் என்பேன். மூன்று காரணங்கள் உண்டு.

முதலாவது, அந்தக் கருவிக்கு ஒரு புள்ளி என்பது 100 மீட்டர் நீளம், 100 மீட்டர் அகலம். அதாவது சுமார் இரண்டரை ஏக்கர். சிறிய கண்மாயானால் நீரும் கரையும் பருத்திக் காடும் ஒன்றாகக் கலந்து ஒரே எண்ணாகிவிடும். இரண்டாவது, ஒரு செயற்கைக்கோள் அதே இடத்துக்கு மேல் மீண்டும் வர 16 நாட்கள் ஆகும். அதுவும் காலை 10 மணி வாக்கில்தான் பகற்படம் எடுக்கும். உச்சி சாய்ந்த பிறகு ஏறும் சூடும், விடியற்கால மாற்றமும் அதில் இல்லை. மூன்றாவது, மேகத்தை ஊடுருவி அதனால் அளக்க முடியாது. நம் கண்மாய்கள் நிரம்புவதோ ஐப்பசி, கார்த்திகை மழையில்!

இது வெறும் கணக்கு அல்ல. நீர் வற்றிவிட்டால் கண்மாயும் காட்டைப்போலவே கொதிக்கும். மண் மேடிட்டுத் தூர்ந்த கண்மாயில் தண்ணீர் சில நாட்களே நிற்கும். அந்தக் குளிர்ச்சி எத்தனை நாள் நீடிக்கிறது என்று தெரிந்தால்தானே தூர்வாருவதன் பயனை எடுத்துச் சொல்ல முடியும்?

இடைசெவல் என்றால் கு. அழகிரிசாமியும் கி. ராஜநாராயணனும் பிறந்த ஊர் என்பார்கள். கரிசல் மனிதர்களைப் பார்த்து எழுதிவைத்தவர்கள் அவர்கள். கரிசல் மண்ணையும் நீரையும் அளந்து எழுதிவைப்பதை நீங்கள் செய்யலாமே!

ஆசிரியரோடு செல்லுங்கள். தண்ணீரில் இறங்க வேண்டாம். கரையிலிருந்தே வாளியில் நீர் மொண்டு உடனே அளவெடுங்கள். மானியின் குமிழைப் புழுதியால் லேசாக மூடி மண்ணையும் அளவெடுங்கள். காலை 6 மணி, 10 மணி, பிற்பகல் 2 மணி என வாரம் ஒரு நாள் குறித்து வாருங்கள். காலை 10 மணி அளவைச் செயற்கைக்கோள் படத்தோடு ஒப்பிடுங்கள். அது மேற்பரப்பை மட்டுமே அளப்பதால் எண்கள் சற்று வேறுபடும். எவ்வளவு, ஏன் என்று யோசியுங்கள்.

ஓராண்டு எழுதிய நோட்டு கையில் இருந்தால், கிராம சபையில் எழுந்து பேச உங்களுக்கு அதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.