வளர்ப்புப் பிள்ளைகளின் சாரதி அனுமதி: பேர்ண் மாநில உள்துறை, நீதித்துறை அமைச்சருக்கு ஒரு திறந்த மடல்

ரெனான், பேர்ண் யூரா

மதிப்புக்குரிய அமைச்சர் அவர்களுக்கு,

2021 ஜனவரி 1 முதல் சுவிட்சர்லாந்தில் 17 வயதிலேயே காருக்கான பழகுநர் அனுமதிப்பத்திரம் பெறலாம். அதே திருத்தம், 20 வயது நிறையாதவர் அந்தப் பத்திரத்தை ஒரு வருடம் வைத்திருந்த பிறகே செய்முறைப் பரீட்சைக்குத் தோற்றலாம் என்றும் விதித்தது. அவசரப்படாமல், அனுபவமுள்ள ஒருவர் பக்கத்தில் இருக்க, மழையிலும் பனியிலும் ஓட்டிப் பழகட்டும் என்பதே நோக்கம். நல்ல நோக்கம்தான். ஆனால் 18 வயதுக்குட்பட்டவரின் விண்ணப்பத்தில் சட்டபூர்வப் பிரதிநிதியின் கையொப்பமும் வேண்டும். பெற்றோருடன் வளரும் பிள்ளைக்கு அது இராச் சாப்பாட்டு மேசையில் முடிகிற வேலை. வளர்ப்புக் குடும்பத்திலோ விடுதியிலோ வளரும் பிள்ளைக்கு அந்தக் கையொப்பம் கிடைக்காவிட்டால் 18 இல்தான் பழகத் தொடங்கலாம், பரீட்சை 19 இல்தான். பிள்ளைப் பாதுகாப்பு நடவடிக்கைகளோ சட்டப்படி 18 உடன் முடிந்துவிடுகின்றன. பழகுவதற்கு உதவ ஆட்கள் இருந்த வருடம் வீணாகி, அவர்கள் விலகும் வருடத்தில் பயிற்சி தொடங்குகிறது.

யார் கையொப்பமிடுவது? குடியியல் சட்டக்கோவையின் 300 ஆம் உறுப்பு, தமது பணியைச் சரிவரச் செய்யத் தேவையான அளவுக்கு வளர்ப்புப் பெற்றோர் பெற்றோரைப் பிரதிநிதித்துவம் செய்யலாம் என்கிறது. பல் வைத்தியருக்கும் பாடசாலைச் சுற்றுலாவுக்கும் அது போதும். காரோட்டப் பழகுவது அந்த அளவுக்குள் அடங்குமா என்று உறுப்பு சொல்லவில்லை. பராமரிப்பு உரிமை பெற்ற பெற்றோரிடமே இருந்து, அவர்கள் வெளிநாட்டிலோ பேச்சுவார்த்தை அறுந்தோ இருந்தால், விண்ணப்பம் பிள்ளைப் பாதுகாப்பு அதிகாரசபையின் மேசைக்குப் போகும். அங்கே மறுப்பவர் யாருமில்லாமலே மாதங்கள் கரையலாம். 17 வயதுப் பிள்ளைக்குத் தாமதமும் மறுப்பும் ஒன்றுதான்.

ரெனானில் புகையிரத நிலையம் இருக்கும்போது எதற்குக் கார் என்று கேட்கப்படலாம். சரிதான், பீல் – லா ஷோ-டு-ஃபோன் தடம் ஊருக்குள்ளேயே போகிறது. ஆனால் லா சிபூர்க் பக்கத்து மலைப் பண்ணை வீடு ஒன்றிலிருந்து சென்-இமியேயில் அதிகாலை முறைவேலைக்குப் போக வேண்டிய தொழில் பயிலுநரின் சிக்கல் நிலையத்தை அடைவதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது. அதைவிட, வீட்டுப் பராமரிப்புச் சேவையிலும் கட்டட வேலைகளிலும் சாரதி அனுமதிப்பத்திரம் பல இடங்களில் வேலைக்கான தகுதியாகவே கேட்கப்படுகிறது. கார் வாங்குவதை இங்கே யாரும் கோரவில்லை.

பொறுப்பு பற்றிய தயக்கமே கனமானது. பிள்ளை விபத்து செய்தால் கையொப்பமிட்டவர் தலையில் விழுமே என்று வளர்ப்புப் பெற்றோர் அஞ்சுவது இயல்பு. சுவிஸ் வீதிப் போக்குவரத்துச் சட்டம் இழப்பீட்டுப் பொறுப்பை முதன்மையாக வாகன உரிமையாளர்மீதும் அவரது கட்டாயக் காப்புறுதிமீதும் வைக்கிறது. பயணம் பாதுகாப்பாக அமைவதற்குப் பக்கத்தில் அமர்பவர் பொறுப்பு. அதற்காகவே அவருக்கு 23 வயதும் 3 வருட அனுபவமும் கேட்கப்படுகின்றன. கலங்கிய வாழ்க்கையிலிருந்து வந்த பிள்ளையிடம் காரைக் கொடுப்பதா என்ற கேள்வியும் உண்டு. தனிப்பட்ட காரணம் இருக்கும் இடத்தில் மறுக்கட்டும், எழுத்தில் மறுக்கட்டும். மற்றவர்களுக்குக் கண் பரிசோதனை, முதலுதவிப் பயிற்சி, கோட்பாட்டுப் பரீட்சை, 3 வருடத் தகுதிகாண் காலம் எல்லாம் இருக்கவே இருக்கின்றன. வளர்ப்புப் பிள்ளை என்பதற்காக இன்னொரு சல்லடை எதற்கு?

அமெரிக்காவின் புளோரிடா மாநிலம் 2014 இல் இதற்கெனத் திட்டமொன்றைச் சட்டமாக்கி, பராமரிப்பிலுள்ள இளைஞரின் சாரதிப் பயிற்சிக்கும் காப்புறுதிக்குமான செலவைப் பொது நிதியிலிருந்து ஈடுசெய்யத் தொடங்கியது. கையொப்பமிடும் பராமரிப்பாளர்மீது இழப்பீட்டுச் சுமை ஏறாது என்றும் எழுதிவைத்தது. பொதுப் போக்குவரத்து மெலிந்த நாட்டின் ஏற்பாடு அது. அப்படியே பெயர்த்து நட வேண்டியதில்லை.

இங்கே புதிய சட்டம்கூடத் தேவையில்லை. பிள்ளைப் பாதுகாப்பு அதிகாரசபைகளும் இளைஞர் அலுவலகமும் உங்கள் துறையின்கீழ் இருக்கின்றன. 16 வயதைத் தாண்டிய ஒவ்வொரு பிள்ளையின் பராமரிப்புத் திட்டத்திலும் பழகுநர் விண்ணப்பத்தில் யார் கையொப்பமிடுவார், யார் பக்கத்தில் அமர்வார், செலவை எந்தக் கணக்கு ஏற்கும் என்று மூன்று வரி எழுதப்பட வேண்டும் எனச் சுற்றுநிருபம் அனுப்புங்கள். 17 ஆவது பிறந்தநாளுக்கு முன்பே அந்த வரிகள் நிரப்பப்பட்டிருக்க வேண்டும் என்ற காலக்கெடுவோடு அனுப்புங்கள்.

மதிப்புடன்,
ரெனானிலிருந்து ஒரு தமிழ் வாசகர்