‘கியர்பாக்ஸ் போச்சு சார்!’ - உடனே நம்பிவிடலாமா? பழைய காரின் அதிர்வும், செக் பண்ணத் தர மறுக்கும் 500 ரூபாயும்

திருவான்மியூர் சிக்னலில் கார் நிற்கிறது. கால் பிரேக்கில், கியர் ‘டி’யில். சீட் நடுங்குகிறது, ஸ்டீயரிங் கையில் ‘கிர்ர்’ என்கிறது, ரியர்வியூ கண்ணாடியில் பின்னால் நிற்கும் பஸ் இரண்டாகத் தெரிகிறது. லீவரை ‘என்’னுக்குத் தள்ளினால் முக்கால்வாசி அடங்கிவிடுகிறது. மறுபடி ‘டி’ போட்டால் பழைய கதை.

2014 மாடல் ஆட்டோமேட்டிக் பெட்ரோல் செடான், 88,000 கிலோமீட்டர் ஓடியது, 3.4 லட்சம் ரூபாய். அதில் பாதி பர்சனல் லோன். வாங்கிய மூன்றாவது வாரத்தில் இந்த அதிர்வு ஆரம்பித்தது. உண்மையைச் சொன்னால், டெஸ்ட் டிரைவ் அன்றே இருந்திருக்கும், எனக்குத்தான் தெரியவில்லை.

முதலில் போன ஒர்க்‌ஷாப்பில் ஐந்து நிமிடம் ஓட்டிப் பார்த்துவிட்டு, “கியர்பாக்ஸ் போயிடுச்சு சார். இறக்கித்தான் பாக்கணும். 85,000 கிட்ட வரும்” என்றார்கள். இரண்டாவது இடத்தில், “பழைய வண்டின்னா அப்படித்தான் சார் இருக்கும்” என்றார்கள். ஒருவர் காரின் விலையில் கால்வாசியைக் கேட்கிறார், இன்னொருவர் பழகிக்கோ என்கிறார். பழைய ஆட்டோமேட்டிக் கார் வைத்திருக்கும் பலருக்கு இந்த இரண்டு பதிலும் பரிச்சயமாகத்தான் இருக்கும்.

மூன்றாவதாக, ஆதம்பாக்கத்தில் ஒரு சின்ன ஷெட். அங்கிருந்த பெரியவர் வண்டியை ஓட்டவே இல்லை. சக்கரங்களுக்குக் கட்டை வைத்தார், பானெட்டைத் திறந்தார், பக்கவாட்டில் நின்றுகொண்டார். “தம்பி, பிரேக்கை நல்லா மிதிச்சுக்கிட்டு ‘ஆர்’ போடு. இப்போ ‘டி’. மறுபடி ‘ஆர்’” என்றார். ஒவ்வொரு முறையும் இன்ஜின் ஒரு பக்கமாகத் தூக்கி விழுந்தது. “கியர்பாக்ஸ் நல்லாத்தான் இருக்கு. அதை உக்கார வெச்சிருக்கிற ரப்பர்தான் செத்துப்போச்சு.”

இரண்டு மவுண்டிங், லேபரோடு 6,800 ரூபாய். அதற்கு மேல், பார்த்துச் சொன்னதற்கு 500 ரூபாய் கேட்டார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? “பாத்ததுக்கே காசாண்ணே?”

அந்தக் கேள்வியைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. அதற்கு முன் அந்த ரப்பரின் வேலை என்னவென்று பார்த்துவிடலாம்.

அதிர்வு எங்கிருந்து வருகிறது?

நான்கு சிலிண்டர் இன்ஜினில் ஒரு சுற்றுக்கு இரண்டு முறை எரிபொருள் வெடிக்கும். ஐடிலில் 750 ஆர்.பி.எம். என்றால் நொடிக்கு 12.5 சுற்று, அதாவது 25 குத்து. இன்ஜினையும் கியர்பாக்ஸையும் பாடியோடு இணைக்கும் மவுண்டிங்குகள்தான் அந்தக் குத்தை விழுங்குகின்றன. ‘என்’னில் இருக்கும்போது இன்ஜின் சும்மா சுற்றுகிறது. ‘டி’ போட்டதும் டார்க் கன்வெர்ட்டர் வழியாகக் காரை முன்னால் தள்ளப் பார்க்கிறது, பிரேக் விடுவதில்லை. அந்த இழுபறி முழுக்க மவுண்டிங் மேல் விழுகிறது. பத்து வருடம் வெயிலிலும் ஆயிலிலும் வெந்த ரப்பர் கிழிந்தோ, கெட்டியாகியோ, தட்டையாகியோ போயிருந்தால் அந்த 25 குத்தும் நேராக உங்கள் சீட்டுக்கு வரும்.

லீவரை மாற்றும்போது அதிர்வும் மாறுவதால், நம் மூளை உடனே ‘கியர்பாக்ஸ்’ என்று முடிவு கட்டிவிடுகிறது. மெக்கானிக்கும் அதையே சொன்னால் சந்தேகமே வருவதில்லை.

அதனால் ஒர்க்‌ஷாப்புக்குப் போகும் முன் ஒரு வாரம் கவனியுங்கள். எப்போது அதிர்கிறது என்பதை மொபைலில் குறித்து வையுங்கள். ‘வண்டி வைப்ரேட் ஆகுது’ என்று மட்டும் சொல்வது, டாக்டரிடம் ‘உடம்பு சரியில்லை’ என்று சொல்வது மாதிரிதான்.

முதலில், அது இன்ஜின் வேகத்தோடு வருகிறதா, கார் வேகத்தோடு வருகிறதா? 80 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு சராசரி காரின் சக்கரம் நொடிக்கு சுமார் 12 முறை சுற்றும். அதே நேரம் டாப் கியரில் இன்ஜின் அதைவிட மூன்று மடங்குக்கும் மேல் சுற்றிக்கொண்டிருக்கும். அதே 80-ல் ஒரு கியர் குறைத்துப் பாருங்கள். இன்ஜின் சத்தம் ஏறியும் அதிர்வு அப்படியே இருந்தால், அது சக்கரம், டயர், ரிம் பக்கம். வீல் பேலன்ஸிங்கில் முடியக்கூடிய விஷயத்துக்கு கியர்பாக்ஸை இறக்கவேண்டிய அவசியமே இல்லை. காரை நிறுத்தி, நியூட்ரலில் வைத்து ஆக்ஸிலரேட்டர் கொடுக்கும்போதும் அதே ஆர்.பி.எம்.மில் அதிர்ந்தால், இன்ஜின், மவுண்டிங் அல்லது எங்கேயாவது பாடியில் இடிக்கும் சைலன்சர் பைப்.

அழுத்தி மிதிக்கும்போது மட்டும் வண்டி பக்கவாட்டில் ஆடுகிறது, காலை எடுத்ததும் நின்றுவிடுகிறது என்றால், ஆக்ஸிலின் உள்பக்க ஜாயின்ட்டைப் பார்க்கச் சொல்லுங்கள். முன்சக்கர இழுவை கார்களில் இது அடிக்கடி தேயும். இதை மட்டும் ‘அப்புறம் பாத்துக்கலாம்’ என்று தள்ளிப்போடாதீர்கள். முற்றிலும் தேய்ந்துவிட்டால் நடுரோட்டில் வண்டி நின்றுவிடலாம்.

மேனுவல் கார் என்றால், முதல் கியரிலோ ரிவர்ஸிலோ கிளம்பும்போது ‘தட தட’ என்று உலுக்கும். கிளட்ச் பிளேட் தேய்ந்திருக்கலாம், அல்லது அதில் ஆயில் பட்டிருக்கலாம். இந்த ‘ஆயில் பட்டிருக்கலாம்’ என்பது முக்கியம். இன்ஜினின் பின்பக்க ஆயில் சீல் கசிந்து கிளட்ச் கெட்டிருந்தால், சீலை மாற்றாமல் புது கிளட்ச் செட் போடுவது வீண். சில மாதங்களில் பழைய இடத்துக்கே வருவீர்கள். கியர்பாக்ஸை இறக்குவதற்குத்தான் லேபர் அதிகம். இறக்கும்போதே சீலையும் பார்க்கச் சொல்லிவிடுங்கள்.

ஆயில் மாற்றினால் போதுமா?

ஆட்டோமேட்டிக்கில் இன்னொரு வகை நடுக்கம் உண்டு. 50-70 கிலோமீட்டரில் ஒரே சீராகப் போகும்போது, சாலையில் வரிவரியாகப் போட்டிருக்கும் ஸ்பீட் பிரேக்கர் மேல் போவது போல இரண்டு மூன்று நொடி உலுக்கும். டார்க் கன்வெர்ட்டருக்குள் இருக்கும் லாக்-அப் கிளட்ச் சரியாகப் பிடிக்காமல் வழுக்கிப் பிடிப்பதன் அறிகுறி அது. அந்த நேரத்தில் பிரேக் பெடலை லேசாகத் தொட்டால் பல கார்களில் லாக்-அப் விடுபடும். நடுக்கம் உடனே நின்றால் சந்தேகம் வலுக்கிறது. இதை நீங்கள் முயற்சிக்க வேண்டாம், மெக்கானிக் ஓட்டும்போது செய்து காட்டச் சொல்லுங்கள். ஆனால், தேய்ந்த ஸ்பார்க் பிளக்கும் பலவீனமான இக்னிஷன் காயிலும் கிட்டத்தட்ட இதே மாதிரி உலுக்கும். எனவே முதலில் ஸ்கேனர் போட்டு மிஸ்ஃபயர் இருக்கிறதா என்று பார்ப்பதுதான் நியாயமான வரிசை.

லாக்-அப்தான் என்று தெரிந்தாலும் உடனே ஓவர்ஹால் வேண்டாம். பழைய ஆயிலை இறக்கி, கம்பெனி மேனுவலில் சொன்ன அதே ரக ஆயிலை ஊற்றிப் பாருங்கள். பல நேரம் குறையும், சில நேரம் குறையாது. ‘இந்த கியர்பாக்ஸுக்கு லைஃப்டைம் ஆயில், மாத்தவே வேணாம்’ என்று யாராவது சொன்னால், யாருடைய லைஃப்டைம் என்று கேளுங்கள். உலகின் பெரிய கியர்பாக்ஸ் தயாரிப்பாளர்களில் ஒன்றான ஜெர்மனியின் இசட்.எஃப். நிறுவனமே தன் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ்களுக்கு, ஓட்டும் விதத்தைப் பொறுத்து 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள் ஆயில் மாற்றச் சொல்கிறது. சி.வி.டி. கார் வைத்திருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்கவேண்டும். அதற்கான ஆயில் வேறு, சாதாரண ஆட்டோமேட்டிக் ஆயிலை ஊற்றினால் உள்ளே இருக்கும் பெல்ட்டும் புல்லியும் காலி.

ஏ.எம்.டி.க்கும் ஒரு வார்த்தை. 2014-ல் செலேரியோ மூலம் பரவலான இந்த வகை, உண்மையில் மேனுவல் கியர்பாக்ஸ்தான். கிளட்ச்சை மிதிப்பதையும் கியர் மாற்றுவதையும் மட்டும் மெஷின் செய்யும். கியர் மாறும்போது தலை லேசாக ஆடுவது அதன் குணம், அதற்குச் செலவு செய்யாதீர்கள். கிளம்பும்போது உலுக்கினால் மட்டும் கிளட்ச்சைப் பாருங்கள்.

சென்னைக்காரர்களுக்கு ஒரு சந்தேகம் கூடுதலாக இருக்கவேண்டும். 2015 டிசம்பர், 2023 டிசம்பர் வெள்ளங்களில் மூழ்கிய கார்கள் எங்கேயும் மாயமாகிவிடவில்லை. கியர்பாக்ஸில் காற்று போய்வர ஒரு சின்ன வழி உண்டு. சூடான கியர்பாக்ஸ் தண்ணீரில் மூழ்கிக் குளிரும்போது அந்த வழியாகத் தண்ணீரை உள்ளே இழுத்துக்கொள்ளும். ஆயில், பால் கலந்த டீ நிறத்தில் இருந்தால் பேரம் பேசாமல் திரும்பி வந்துவிடுங்கள்.

‘நீங்க ஓட்டுற விதம் சரியில்ல’

அதிர்வு உண்மையிலேயே கியர்பாக்ஸில் இருந்து, அது தயாரிப்பிலேயே இருக்கும் குறையாக இருந்தால்? ஆஸ்திரேலியாவில் நடந்ததைப் பாருங்கள். ஃபோர்டின் ஃபோகஸ், ஃபியஸ்டா, எக்கோஸ்போர்ட் கார்களில் வந்த ‘பவர்ஷிஃப்ட்’ டூயல் கிளட்ச் கியர்பாக்ஸ் அதிர்கிறது என்று ஏராளமானோர் புகார் செய்தார்கள். அதிர்வு அந்தக் கார்களின் தரக் குறைபாட்டின் அறிகுறி என்று தெரிந்திருந்தும், ‘நீங்கள் ஓட்டும் விதம்தான் காரணம்’ என்று வாடிக்கையாளர்களிடம் அடிக்கடி சொல்லப்பட்டது. அந்நாட்டு நுகர்வோர் ஆணையம் வழக்குப் போட்டது. 2018-ல் ஃபெடரல் நீதிமன்றம் ஃபோர்டு ஆஸ்திரேலியாவுக்கு ஒரு கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது. எக்கோஸ்போர்ட் நமக்கும் பழக்கமான பெயர்தான், மறைமலை நகரில் தயாரான மாடல். டூயல் கிளட்ச் உள்ள பழைய கார் எதை வாங்குவதானாலும், முந்தைய கிளட்ச் மாற்றிய பில் இருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள்.

அங்கே அந்த மக்கள் ஜெயிக்க உதவியது எது? எப்போது அதிர்ந்தது, என்ன சொன்னார்கள் என்று கையில் இருந்த பதிவுகளும், அதை எடுத்துக்கொண்டு போக ஓர் ஆணையமும். நம் ஊரில் தனியாரிடம் வாங்கிய பத்து வருடப் பழைய காருக்கு அப்படி ஒரு வாசல் திறப்பது கஷ்டம். குறிப்புகளாவது நம் கையில் இருக்கட்டும்.

இனி அந்த 500 ரூபாய்.

‘செக் பண்றது ஃப்ரீ’ என்ற போர்டைப் பார்த்தால் நமக்குச் சந்தோஷம். ஆனால், அந்த ஒர்க்‌ஷாப் எதில் சம்பாதிக்கிறது? மாற்றும் பார்ட்ஸிலும் அதை மாட்டும் லேபரிலும். இரண்டு மணி நேரம் செலவழித்துத் தேடி, சின்ன ரப்பர்தான் காரணம் என்று சொல்பவருக்கு நாம் தருவது ‘தேங்க்ஸ்ணா’. ஐந்து நிமிடம் ஓட்டிவிட்டு ‘இறக்கணும்’ என்பவருக்கு 85,000. இதில் மெக்கானிக்கை மட்டும் திட்டிப் பயனில்லை. தேடுகிறவரைப் பட்டினி போட்டு, மாற்றுகிறவரை வளர்த்திருப்பது நாம்தான். டாக்டருக்கு ஃபீஸ் கொடுக்கிறோம், ஸ்கேனுக்குக் கொடுக்கிறோம். காருக்கு மட்டும் ‘பாத்ததுக்கே காசா’ என்கிறோம்.

என் யோசனை இதுதான். ஒர்க்‌ஷாப்புக்குள் நுழைந்ததும், “கண்டுபிடிக்க மட்டும் எவ்வளவுன்னு சொல்லுங்க, தர்றேன். வேலையை உங்ககிட்ட செய்யறதா வேணாமான்னு அப்புறம் முடிவு பண்றேன்” என்று சொல்லுங்கள். சிலர் முகம் சுளிப்பார்கள். பரவாயில்லை, அவர் உங்களுக்கான ஆள் இல்லை. ஓட்டுவதே பிழைப்பாக உள்ள கால்டாக்ஸிக்காரருக்கு ஒரு நாள் வண்டி நின்றால் அன்றைய வருமானம் போச்சு, அவருக்கு இது சுலபமில்லை என்பது தெரியும். வாரம் ஐந்து நாள் ஆபீஸுக்குப் போகும் நமக்கு அந்தச் சாக்கு கிடையாது.

இதையே கார் வாங்கும் முன்பும் செய்யலாம். காலையில் இன்ஜின் ஆறிய நிலையில் பார்க்கவேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நீங்கள் போகும்போது பானெட் சூடாக இருந்தால், ஏதோ காரணத்துக்காக முன்பே ஓட்டிவைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். ஏ.சி. போட்டு, ‘டி’யில் பிரேக்கோடு ஒரு நிமிடம் சும்மா உட்காருங்கள். பாட்டை நிறுத்திவிடுங்கள். நான் அன்று புளூடூத் வேலை செய்கிறதா என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

என் காரில் மவுண்டிங் மாற்றியும் எல்லாம் சரியாகிவிடவில்லை. ஏ.சி. ஓடும்போது ஐடில் இறங்கியது. த்ராட்டில் பாடி சுத்தம் செய்து ஐடிலை மறுபடி செட் பண்ண 1,200 ரூபாய் ஆனது. இப்போதும் மே மாத மத்தியானத்தில், ஏ.சி. முழு வேகத்தில் ஓடும்போது சீட்டில் லேசாக ஒரு நடுக்கம் வரும். பெரியவரிடம் கேட்டேன். “அது இருக்கட்டும் தம்பி, அதுக்குச் செலவு பண்ணாதே” என்றார். அதற்கும் 500 ரூபாய் கொடுத்துவிட்டுத்தான் வந்தேன்.