தூரம் ஒரு மதிப்பீடு அல்ல

சமீபத்தில் ஒரு சிற்றிதழ் பயணச் சிறப்பிதழ் கொண்டுவந்தது. பெயர் வேண்டாம், இதைப் படிக்கப்போகிற இருநூறு பேருக்கும் தெரியும். 'என் மிக நீண்ட பயணம்' என்று எழுதித்தரும்படி ஆசிரியர் கேட்டிருக்கிறார். பன்னிரண்டு பேர் கீழ்ப்படிந்திருக்கிறார்கள். ஒருவர் மோட்டார் சைக்கிளில் லடாக் போயிருக்கிறார். ஒருவர் கன்னியாகுமரியிலிருந்து சைக்கிள் மிதித்திருக்கிறார். இன்னொருவர் மூன்று நாள் மலையில் நடந்து, தன்னைத் தொலைத்து, பிறகு கண்டெடுத்துக்கொண்டு இறங்கியிருக்கிறார். கிலோமீட்டர் கணக்கு எல்லோரிடமும் துல்லியமாக இருக்கிறது. எல்லோருக்கும் வழியில் ஒரு டீக்கடைக்காரர் கிடைத்து ஞானவாக்கு ஒன்றை உதிர்த்திருக்கிறார். எல்லோரும் வேறு மனிதர்களாகத் திரும்பி வந்து, அடுத்த திங்கட்கிழமை அதே வேலைக்குப் போயிருக்கிறார்கள்.

மணியன் ஆனந்த விகடனில் எழுதிய பயணத் தொடர்களைப் பார்த்துச் சிரித்தவர்கள் நாம். ஹோட்டல் அறை, விமானம், விருந்தோம்பிய வெளிநாட்டுத் தமிழர் என்று அவர் எழுதியபோது, இது வியாபாரப் பத்திரிகை எழுத்து என்று ஒதுக்கினோம். ஒதுக்கியது சரிதான். ஆனால் ஹோட்டலுக்குப் பதில் கூடாரத்தையும் விமானத்துக்குப் பதில் மோட்டார் சைக்கிளையும் வைத்துவிட்டால் அது இலக்கியம் ஆகிவிடுமா? பொருள் மாறவில்லை. எழுதுகிறவன் தன்னைப் பார்த்துத் தானே கை தட்டிக்கொள்வதுதான் அன்றும் இன்றும் பொருள். மணியன் அதை ஒளிக்கவில்லை. நாம் அதற்குத் 'தேடல்' என்று பெயர் வைத்திருக்கிறோம்.

நான் எழுத வந்தது இந்தத் தூரக் கணக்கைப் பற்றி. அதற்கு எனக்கு ஒரு சிறு தகுதி உண்டு. என் வீடு கிருஷ்ணகிரியில். வேலை ஓசூரில், ஒரு வங்கிக் கிளையில் குமாஸ்தா. நடுவில் ஐம்பது கிலோமீட்டர். அந்தச் சாலை ஸ்ரீநகரில் தொடங்கிக் கன்னியாகுமரியில் முடிகிற 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை, நாட்டிலேயே நீளமானது. அந்த நீளத்தில் ஒரு துண்டைப் பத்து மணிக்குக் கையெழுத்துப் போடுவதற்காகத் தினமும் தாண்டுகிறேன். சனி, ஞாயிறு காலைகளில் பெங்களூரிலிருந்து மோட்டார் சைக்கிள் கூட்டங்கள் இந்த வழியாகத்தான் வருகின்றன. முழங்காலுக்குக் கவசம், தலைக்கவசத்தில் காமிரா. கிருஷ்ணகிரிப் பக்கம் இட்லி சாப்பிட்டுவிட்டுத் திரும்புகிறார்கள். அவர்கள் மேல் எனக்குப் புகார் இல்லை. அவர்கள் சிற்றிதழில் எழுதுவதில்லை.

இந்த ஊரே வண்டி செய்கிற ஊர். லாரி செய்கிறார்கள். இரண்டு சக்கர வண்டி செய்கிறார்கள். 1980இல் டிவிஎஸ் 50 இங்கேதான் வந்தது. இந்தியாவில் இரண்டு பேர் உட்கார்ந்து போகக்கூடிய முதல் மொபெட் அதுதான் என்று சொல்வார்கள். இப்போது மின்சார ஸ்கூட்டரும் இங்கேயும் போச்சம்பள்ளியிலும் தயாராகிறது. ஷிஃப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸைத் தவறவிட்டவன் சிப்காட்டிலிருந்து தன் அறைக்கு நடந்துதான் போகிறான். அவனிடம் போய் உன் மிக நீண்ட நடை எது என்று கேட்டால், அவன் நம்மை ஒரு மாதிரிப் பார்ப்பான். அந்தப் பார்வையிலிருந்துதான் நம் விமர்சனம் தொடங்கவேண்டும் என்பது என் கட்சி.

அவனுக்கு அந்தக் கேள்வி ஏன் புரியாது? நடையை ஒரு தனி வஸ்துவாக அவன் பார்த்ததில்லை. எங்கே, எதற்கு என்று இரண்டு விஷயங்கள் இருக்கும்; நடை அவற்றுக்கு இடையில் கிடக்கும். நம் கட்டுரையாளர்கள் அந்த இரண்டையும் வெட்டியெறிந்துவிட்டு நடையை மட்டும் கையில் எடுத்துக் காட்டுகிறார்கள். ஏன் போனான் என்பதை எடுத்துவிட்டால் மிஞ்சுவது தூரம் ஒன்றுதான். அதனால்தான் இவர்களுடைய கட்டுரைகளில் எண்கள் இத்தனை.

இது நமக்கு எங்கிருந்து வந்தது என்று பார்க்கிறேன். என் பி.ஏ. ஆங்கிலப் பாடத்தில் ஹாஸ்லிட்டும் ஸ்டீவன்ஸனும் இருந்தார்கள். ஹாஸ்லிட் தனியாக நடக்க ஆசைப்படுகிறார். சில மணி நேர நடைக்கு அப்பால் ராச்சாப்பாடு காத்திருக்கும் என்பதில் அவருக்குச் சந்தேகம் இல்லை. வேர்ட்ஸ்வொர்த் வாழ்நாளில் ஒன்றே முக்கால் லட்சம் மைலுக்கு மேல் நடந்திருப்பார் என்று டி குவின்ஸி கணக்குப் போட்டுச் சொன்னார். அன்றைக்கே ஒரு குமாஸ்தா! பாடத்தில் இல்லாதவர் ஜான் கிளேர். 1841 ஜூலையில் எஸ்ஸெக்ஸில் இருந்த மனநோய் விடுதியிலிருந்து அவர் தப்பித்து, ஏறக்குறைய எண்பது மைல், நான்கு நாள் நடந்து வீட்டுக்குப் போனார். பசி தாங்காமல் சாலையோரப் புல்லைத் தின்றார். இறந்துபோன தன் முதல் காதலி உயிரோடு காத்திருக்கிறாள் என்று நம்பிக்கொண்டு நடந்தார். அதை அவரே எழுதிவைத்திருக்கிறார். அந்தப் பக்கங்களில் நடை என்பது ஓர் அனுபவமாக எங்கேயும் வருவதில்லை. கால் வலிக்கிறது, வழி தெரியவில்லை, வீடு போகவேண்டும். அவ்வளவுதான். நாம் ஹாஸ்லிட்டைப் படித்துப் பாஸானவர்கள். கிளேரை நமக்கு யாரும் கொடுக்கவில்லை.

சரி, அது ஆங்கிலேயன் விவகாரம். நம் மொழியின் முதல் சாலை இலக்கியம் எது? ஆற்றுப்படை. பரிசு பெற்றுத் திரும்புகிற பாணன், இன்னும் பெறாத பாணனுக்கு வழி சொல்கிறான். பசித்திருந்தவன் பசித்திருக்கிறவனுக்குச் சொல்கிற வழி. சிறுபாணாற்றுப்படையில், குட்டி போட்ட நாய் குரைக்கிற அடுக்களையில், குப்பையில் பறித்த கீரையை உப்பில்லாமல் வேகவைத்து, யாரும் பார்த்துவிடக்கூடாது என்று கதவை அடைத்துக்கொண்டு தின்கிறார்கள். அங்கிருந்துதான் பயணம் கிளம்புகிறது. பிறகு ஒவ்வொரு நிலத்திலும் யார் என்ன சோறு போடுவார்கள் என்ற விவரம் வருகிறது. மலைபடுகடாம், வழியில் எங்கே குழி இருக்கும், எங்கே கல் வழுக்கும், புனம் காப்பவன் வீசுகிற கவண்கல் எங்கிருந்து வரும் என்றெல்லாம் எச்சரிக்கிறது. பின்னால் வருகிறவனுக்கு உபயோகப்படவேண்டும் என்ற அக்கறை ஒவ்வொரு அடியிலும். சிறப்பிதழின் பன்னிரண்டு கட்டுரைகளில் எதையாவது கையில் வைத்துக்கொண்டு பின்னால் வருகிறவன் ஒரு குழியைத் தவிர்க்க முடியுமா?

இங்கே ஓர் ஆட்சேபம் வரும். நிர்ப்பந்தத்தில் நடந்தவன்தான் எழுதவேண்டுமா, வறுமைதான் இலக்கியத்துக்கு நுழைவுச்சீட்டா என்று கேட்பீர்கள். இல்லை. ஏ.கே. செட்டியாரைப் பாருங்கள். காந்தியைப் பற்றிய ஆவணப்படத்துக்காக ஏறக்குறைய ஒரு லட்சம் மைல் சுற்றியவர். படம் 1940இல் வெளிவந்தது. அவர் உரைநடையில் 'நான்' என்கிற ஆள் ஓர் ஓரத்தில் குடையை மடக்கிக்கொண்டு நிற்கிறார். அத்தனை மைலுக்கும் ஒரு காரியம் இருந்தது. அதனால் மைலைப் பற்றி அவர் அலட்டிக்கொள்ளவில்லை. சிட்டியும் தி. ஜானகிராமனும் எழுதிய 'நடந்தாய் வாழி காவேரி'யில் நடப்பது காவேரி. அவர்கள் பெரும்பாலும் வண்டியில்தான் போனார்கள். அதனால் புத்தகத்துக்கு ஒரு குறையும் இல்லை, ஏனென்றால் அது அவர்களைப் பற்றியது இல்லை.

உள்ளூர் உதாரணமும் உண்டு. ஓசூருக்குப் பக்கத்திலுள்ள தொரப்பள்ளியில் பிறந்த ராஜாஜி, 1930 ஏப்ரலில் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு ஏறக்குறைய நூறு தொண்டர்களோடு நடந்தார். நூற்றைம்பது மைல், பதினைந்து நாள். தானாகத் தேர்ந்துகொண்ட நடை. ஆனால் அந்த நடையில் நினைக்கவேண்டியது மைல் கணக்கை அல்ல. தொண்டர்களுக்குச் சோறோ இடமோ கொடுப்பவர்களுக்குத் தண்டனை என்று தஞ்சாவூர்க் கலெக்டர் தார்ன் உத்தரவு போட்டார். ஜனங்கள் ஒளித்துவைத்துச் சோறு போட்டார்கள். அந்த நடையை நடத்தியதில் பாதிப் பங்கு வீட்டில் உலை வைத்தவர்களுடையது. இதையெல்லாம் உள்ளே கொண்டுவருகிற கட்டுரைதான் பயணக் கட்டுரை.

தமிழில் உண்மையிலேயே நீண்ட நடை ஒன்று எழுதப்பட்டிருக்கிறது. 1942இல் ஜப்பானியர் பர்மாவுக்குள் வந்தபோது லட்சக்கணக்கான இந்தியர்கள் காடும் மலையும் தாண்டி இந்தியாவை நோக்கி நடந்தார்கள். பல்லாயிரம் பேர் வழியிலேயே செத்தார்கள். தமிழர்கள் அதில் நிறையப் பேர். ரங்கூனில் 'ஜோதி' பத்திரிகையை நடத்திவந்த வெ. சாமிநாத சர்மா மனைவியோடு அப்படி வந்தவர். 'பர்மா வழிநடைப் பயணம்' எழுதினார். நம் கூட்டங்களில் இந்தப் புத்தகத்தின் பெயரை யாராவது சொல்லி நான் கேட்டதில்லை. லடாக்கைப் பற்றி மூன்று கூட்டம் நடந்துவிட்டது.

இனி எங்கள் எல்லை. ஜூஜுவாடி தாண்டினால் அத்திப்பள்ளி. நடுவில் சில கிலோமீட்டர்தான். காவேரிப் பிரச்னை கொதிக்கும்போதெல்லாம் அந்தச் சில கிலோமீட்டர் நீண்டுவிடும். 1991 டிசம்பரில் பெங்களூரில் தமிழர்கள் தாக்கப்பட்டபோது குடும்பம் குடும்பமாக இந்த வழியாக வந்தார்கள். 2000இல் ராஜ்குமார் கடத்தப்பட்ட 108 நாளும் இந்த ரோட்டுக்குப் பயம் இருந்தது. 2016 செப்டம்பர் 12இல் பெங்களூரில் தமிழ்நாட்டுப் பஸ்களை எரித்தார்கள். பஸ்கள் எல்லைக்கு இந்தப் பக்கமே நின்றன. இறங்கி, நடந்து, அந்தப் பக்கம் போய் வேறு பஸ் பிடிக்கவேண்டும். அந்த நாட்களில் ஒருநாள் நான் அங்கே நின்று பார்த்தேன். ஒரு கிழவி பெங்களூர் ஆஸ்பத்திரி ஃபைலை மார்போடு அணைத்துக்கொண்டு போனாள். மறுநாள் காலை அவள் அங்கே இருந்தாகவேண்டும். ஒரு பையன் தன் பையின் தமிழ் எழுத்து தெரியாதபடி உள்பக்கம் வெளியாகத் திருப்பி மாட்டியிருந்தான். சில கிலோமீட்டர். இதை எந்தச் சிறப்பிதழும் 'மிக நீண்ட' என்ற தலைப்பில் ஏற்றுக்கொள்ளாது.

கடைசியாக என் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். மற்றவர்களை மட்டும் அடித்துவிட்டுப் போவது அயோக்கியத்தனம்.

2020 மார்ச் 25இல் ஊரடங்கு வந்தது. வங்கி அத்தியாவசியச் சேவை. பஸ் இல்லை. அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு தினமும் மோட்டார் சைக்கிளில் போனேன். ஏப்ரலில் ஜன்தன் கணக்குள்ள பெண்களுக்கு 500 ரூபாய் வந்தது. கிளை வாசலில் சுண்ணாம்பு வட்டங்களில் நின்றார்கள். ரோட்டில் வடக்கே போகிறவர்களும் தெற்கே போகிறவர்களும் நடந்தார்கள். சூளகிரிக்குப் பக்கத்தில் ஒரு புளியமரத்தடியில் தண்ணீர் குடிக்க நிறுத்தினேன். அங்கே ஒரு கொத்தனார், மனைவி, ஏழெட்டு வயதுப் பெண் குழந்தை. பெங்களூரிலிருந்து வருகிறார்கள்.

"ஊத்தங்கரைக்கு இன்னும் எவ்ளோ தூரம் சார்?"

"எழுபது, எழுபத்தஞ்சு இருக்கும்ங்க."

"பாதி வந்தாச்சு" என்று அவர் மனைவியிடம் சொன்னார். கணக்குப்படி அது சரியில்லை, கொஞ்சம் குறைகிறது. நான் திருத்தவில்லை. வண்டியை எடுத்தேன். பின் ஸீட் காலியாக இருந்தது. இரண்டு பேர் போகக்கூடாது, போலீஸ் நிறுத்தும், தொற்று இருக்கலாம் என்று மூன்று காரணங்கள் தயாராக இருந்தன. மூன்றும் உண்மை. மூன்றும் எனக்கு ஸௌகரியமாகவும் இருந்தன. குழந்தையையும் தாயையும் கிருஷ்ணகிரி வரைக்குமாவது கொண்டுபோய் விட்டிருக்கலாம். அவர் என்னிடம் தூரம் கேட்டார். நான் தூரத்தைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

இதைவிட மோசம் அடுத்து நடந்தது. இரண்டு வருஷம் கழித்து நானும் ஒரு கட்டுரை எழுதினேன். ஊரடங்கில் வெறிச்சோடிய நெடுஞ்சாலை, நான்கு வழிச் சாலையில் இறங்கிவந்த மயில்கள், எஞ்சினை அணைத்ததும் கவிந்த மௌனம். நண்பர்கள் பாராட்டினார்கள். 'பிரக்ஞையின் விளிம்பில் ஓடும் உரைநடை' என்று ஒருவர் கடிதம் எழுதினார். அந்தக் கட்டுரையில் புளியமரம் இருந்தது. அதன் அடியில் யாரும் இல்லை. நடந்த தூரத்தை மிகைப்படுத்துவது நம்மில் சிறிய பொய். நடந்தவர்களை அழித்துவிட்டு ரோட்டை அழகாக்குவது பெரிய பொய். அதை நான் செய்தேன். செய்ததை யாரும் கண்டுபிடிக்கவில்லை என்பதுதான் நம் விமர்சனத்தின் லட்சணம்.

ஆகவே ஆசிரியர்களுக்கு ஒரு யோசனை. அடுத்த பயணக் கட்டுரை தபாலில் வந்தால் எத்தனை கிலோமீட்டர் என்று பார்க்கவேண்டாம். இந்த ஆள் போகாமல் வீட்டிலேயே இருந்திருந்தால் யாருக்கு என்ன குறைந்திருக்கும் என்று கேளுங்கள். பிறகு, வழியில் இவர் யாரைத் தாண்டிப் போனார் என்று கேளுங்கள். பதில் கட்டுரைக்குள் இல்லையென்றால் திருப்பி அனுப்புங்கள்.

என் மயில் கட்டுரையைத் தொகுப்பில் சேர்க்கப்போவதில்லை. எதிர்வினை எழுத நினைப்பவர்கள் அதிலிருந்தே தொடங்கலாம்.